வாய்விட்டுப் படித்துப் பார்த்து வாங்குங்கள்: சென்னையில் கிடைக்கும் தமிழ்ச் சிறார் நூல்கள்

பின்னட்டையில் '4+', '8+' என்று அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்கிய சிறார் புத்தகங்கள் பல வீடுகளில் ஒரு தடவை புரட்டியதோடு சரி. காரணம் எளிது. அட்டையில் இருப்பது ஒரு வயது. குழந்தைக்கோ வயது இரண்டு. காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் வயது ஒன்று, எழுத்துக்கூட்டித் தானே படிக்கும் வயது இன்னொன்று. சென்னையில் ஆங்கில வழியில் படிக்கும் எட்டு வயதுப் பிள்ளை, பாட்டி சொல்லும் பாரதக் கதையை ஒரு கிளைக்கதை விடாமல் பின்தொடரும். அதே பிள்ளையிடம் ஒரு பக்கத் தமிழைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் மூன்றாவது வரியில் களைத்துவிடும். கேட்பதில் எட்டு வயது, படிப்பதில் ஐந்து வயது. இரண்டுக்கும் ஒரே புத்தகம் வாங்கினால் ஒன்று கதை சப்பென்று இருக்கும், இல்லையென்றால் எழுத்து மிரட்டும். ஆகவே நாம் படித்துக் காட்டப்போவது எது, பிள்ளை தானே படிக்கப்போவது எது என்று முடிவு செய்துகொண்டு கடைக்குள் போவதுதான் முதல் வேலை. கீழே சொல்லும் புத்தகங்களையும் அந்தக் கணக்கில்தான் பிரித்திருக்கிறோம்.

இரண்டாவது வேலை, கடையில் நின்றபடியே இரண்டு பக்கம் வாய்விட்டுப் படிப்பது. கூச்சப்பட வேண்டாம். முதல் பக்கத்தை எல்லோரும் பார்த்துப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரியுங்கள். நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே குழந்தையின் காதும் இடறும். 'குட்டி யானை தன் தாயால் கண்டுபிடிக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்தால் உஷாராகுங்கள். 'அம்மா யானை குட்டியைக் கண்டுபிடித்துவிட்டது' என்றுதான் எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்லும். 'அவன் அவனுடைய தொப்பியை அவனுடைய தலையின் மீது வைத்தான்' என்பதும் இந்த ரகம்தான். 'தொப்பியை மாட்டிக்கொண்டான்' என்றாலே போதும். ஒரு பக்கத்தில் இப்படி இரண்டு கண்ணில் பட்டால், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் புத்தகத்தைத் திரும்ப அடுக்கில் வைத்துவிடுங்கள். தமிழில் இன்று கிடைக்கும் படக்கதைகளில் கணிசமானவை மொழிபெயர்ப்புகள். அதனால்தான் இந்தச் சோதனை இவ்வளவு முக்கியம். மலையாளத்திலிருந்து வந்த சிறார் கதைகள் பொதுவாக இதில் நன்றாகத் தேறிவிடுகின்றன. வாக்கிய அமைப்பு நமக்குச் சொந்தக்காரர் வீடு என்பது ஒரு காரணம். யூமா வாசுகி, உதயசங்கர் போல, தாமே கதை எழுதுகிறவர்கள் மொழிபெயர்ப்பில் இறங்கியது இன்னொரு காரணம்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்ற கேள்வியும் உண்டு. மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு 'இருக்கு' தெரியும். 'இருக்கிறது' புதுச் சொல். 'வந்துட்டாங்க' தெரியும், 'வந்துவிட்டார்கள்' தெரியாது. முதல் தடவை படிக்கும்போது எழுத்தில் இருப்பதை வீட்டுப் பேச்சுக்கு மாற்றியே சொல்லுங்கள். கதை பிடித்துப்போய் மூன்றாம், நான்காம் தடவை கேட்கும்போது அச்சில் உள்ளபடியே படியுங்கள். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் எழுத்து நடை தானாகப் பழகிவிடும். முதல் நாளே அச்சுப்படி ஒப்பித்தால் குழந்தை எழுந்து போய்விடும். கதைசொல்லி வாக்கியங்கள் எழுத்து நடையிலும், பாத்திரங்கள் பேசுவது பேச்சு நடையிலும் இருக்கும் புத்தகம் கிடைத்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள்.

இரண்டு முதல் நான்கு வயது

இந்த வயதுக்குக் கதையை விடப் பாட்டுதான் முதலில். அழ. வள்ளியப்பாவின் (1922–1989) பாடல்கள் இன்றும் அசையாமல் நிற்பதற்குக் காரணம் சந்தம்தான். எதுகையும் மோனையும் சரியாக விழுவதால், இரண்டு தடவை கேட்ட குழந்தை அடுத்த வரியின் கடைசிச் சொல்லைத் தானே சொல்லிவிடும். 'மலரும் உள்ளம்' தொகுப்பு பெரியது. மொத்தத்தையும் குழந்தையின் கையில் கொடுக்காமல் நீங்கள் வைத்துக்கொண்டு நாளைக்கு ஒரு பாட்டு எடுங்கள். புதிதாக வரும் பாட்டுப் புத்தகங்களை வாங்கும்போது கையால் தாளம் தட்டிக்கொண்டே நான்கு வரி படியுங்கள். ஒரு வரியில் தட்டு கூடுதலாக விழுந்தால் அந்தப் பாட்டு வாயில் நிற்காது.

தடித்த அட்டையில் வரும் புத்தகங்கள் தமிழில் குறைவு. கிடைப்பவற்றிலும் மூலைகள் உருட்டி வெட்டப்பட்டிருக்கின்றனவா, மேலே ஒட்டிய பளபளப்புத் தாள் ஓரத்தில் உரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இந்த வயதில் புத்தகம் நேராக வாய்க்குத்தான் போகும்.

நான்கு முதல் ஏழு: படக்கதைகள்

சென்னைக்காரர்களுக்கு இந்த வயதில்தான் பெரிய அதிர்ஷ்டம். இந்தியாவின் நல்ல படப்புத்தகப் பதிப்பகங்களில் இரண்டு இந்த ஊரைச் சேர்ந்தவை. தாரா புக்ஸ் 1994இலும் தூலிகா 1996இலும் தொடங்கின. தூலிகா ஒரே புத்தகத்தைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. ஆகவே கடையில் எடுக்கும்போது மொழியைப் பார்த்து எடுங்கள். அட்டைப்படம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். இணையத்தில் வாங்குகிறவர்கள் தமிழ் என்று நினைத்துத் தெலுங்குப் பிரதியை வரவழைத்துவிடுவது இப்படித்தான்.

முதலில் வாங்க வேண்டியது எது என்று கேட்டால் அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த 'கஜபதி குலபதி'. ஒரு பெரிய யானை, அதற்குச் சளி, அதன் தும்மல், அவ்வளவுதான் கதை. படித்துக் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமானது எளிதில் கிடைக்காது. பெயரே தாளத்தோடு இருக்கிறது, திரும்பத் திரும்ப வருகிறது, தும்மல் வருகிற பக்கத்துக்காகக் குழந்தை காத்திருக்கிறது. தும்மல் வரப்போகும் பக்கத்தைத் திருப்புவதற்கு முன் ஒரு நொடி நிறுத்துங்கள். வாக்கியத்தின் பாதியில் பக்கம் திரும்புகிற மாதிரி அமைப்பதுதான் படப்புத்தகக் கலையின் உயிர்நாடி. அதைப் படிக்கிறவர் அவசரப்பட்டுக் கெடுத்துவிடக் கூடாது. இந்த யானைக்குத் தொடர் புத்தகங்களும் உண்டு. முதல் புத்தகம் பிடித்திருந்தால் மட்டும் அவற்றை வாங்குங்கள்.

அடுத்து ஸாய் விட்டேக்கர் எழுதிய, காளி என்ற இருளர் சிறுவனும் ஒரு சாரைப்பாம்பும் வரும் படக்கதை. அப்பா பாம்பு பிடிப்பவர் என்பதால் வகுப்பில் பையனை ஒதுக்கி வைக்கிறார்கள். ஒருநாள் வகுப்புக்குள் சாரைப்பாம்பு புகுந்துவிடுகிறது. மற்றதைக் குழந்தையே ஊகித்துவிடும்; அப்படி ஊகிப்பதும் சுகம்தான். ஆறு வயதுக்கு மேல் படித்துக் காட்டலாம். சென்னைப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. கதையைப் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துப் போனால், காளியின் அப்பா செய்யும் வேலை என்ன என்பது விளக்கமே இல்லாமல் புரிந்துவிடும். சாரைப்பாம்புக்கு விஷம் கிடையாது என்பதைக் கதைக்கு முன்பே சொல்லிவிடாதீர்கள், விறுவிறுப்பு போய்விடும்.

மகாசுவேதா தேவி எழுதிய, எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்கும் மோய்னா என்ற பழங்குடிச் சிறுமியின் கதையும் தூலிகா வெளியீடுதான். இதில் எழுத்து கொஞ்சம் கூடுதல். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரே மூச்சில் படித்தால் நீளமாகப்படும். இரண்டு இரவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 'ஏன் நான் மட்டும் ஆடு மேய்க்கணும்' என்கிற ரகக் கேள்விகள் வரும்போது நிறுத்தி நீதி சொல்ல ஆரம்பிக்காதீர்கள். மோய்னாவே போதுமான அளவு கேட்கிறாள்.

இருமொழிப் புத்தகங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருந்தால், ஆங்கிலம் சரளமாகப் படிக்கும் குழந்தையின் கண் நேராக அங்கேதான் போகும். தமிழ் வரி வெறும் அலங்காரமாகிவிடும். நான்கு விரல் அகலத்தில் ஒரு அட்டைத் துண்டை வெட்டி ஆங்கில வரியின் மேல் வைத்துக்கொண்டு படியுங்கள். தமிழ் எழுத்தே தெரியாத தாத்தாவோ, தமிழ் தெரியாத மருமகளோ இருக்கும் வீட்டில் அந்த அட்டையை எடுத்துவிடலாம். இருமொழிப் புத்தகத்தின் உண்மையான பயன் அங்கேதான்.

எழுத்தைக் கிட்டத்தில் பாருங்கள்

தமிழ் எழுத்துக்கு மேலேயும் சுழி உண்டு, கீழேயும் சுழி உண்டு. 'கி', 'கீ' மேலே. 'கு', 'மூ', 'ழு' கீழே. வரிகளுக்கு நடுவே போதிய இடைவெளி விடாவிட்டால், மேல் வரியின் கீழ்க்கொக்கியும் கீழ் வரியின் மேல்சுழியும் ஒன்றோடொன்று முட்டும். பெரியவர்கள் ஊகித்துப் படித்துவிடுவோம். 'மு' எது 'மூ' எது என்று இப்போதுதான் பிரித்தறியும் குழந்தைக்கு அது பெரிய முட்டுக்கட்டை. முதன்முதலில் தானே படிக்கும் பிள்ளைக்கு 18 முதல் 24 புள்ளி அளவு எழுத்து, வரிக்கு நான்கைந்து சொற்கள், பக்கத்துக்கு மூன்று நான்கு வரிகள் இருந்தால் நல்லது.

அடர்ந்த படத்தின் மேல் வெள்ளை எழுத்து போட்டிருந்தால் புள்ளிகளைத் தேடிப் பாருங்கள். அச்சில் வண்ணங்கள் இம்மியளவு விலகினால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். 'பக்கம்' என்பது 'பககம' என்று ஆகிவிடும். கையால் எழுதியது போன்ற அலங்கார எழுத்துருக்களிலும் இதே தொல்லை. தலைப்புக்கு அவை இருக்கட்டும், கதைக்கு வேண்டாம்.

கட்டும் முக்கியம். 24, 32 பக்கப் படப்புத்தகத்துக்கு நடுவில் பின் அடித்த கட்டுதான் சரி, முழுதாக விரியும். முதுகில் பசை போட்டு ஒட்டியது விரியாது. இரண்டு பக்கமாகப் பரந்த படத்தின் நடுவில் யாராவது ஒருவரின் முகம் மடிப்புக்குள் போய்விடும். குழந்தை அதை அழுத்தி விரித்தால் பசை விட்டு, தாள் தாளாகக் கழன்று வரும். பின் அடித்ததற்கும் சென்னையில் ஒரு தொந்தரவு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்புக் கறை இறங்கும். துரு தெரிந்ததும் பின்னைக் கழற்றிவிட்டு அதே துளைகளில் தடித்த நூலால் தைத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். இராமபாணப் பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலையோ வசம்போ போதும்.

தாரா புக்ஸ் தனி வகை. திருவான்மியூரில் அவர்களுடைய புத்தகக் கட்டடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அவர்கள் கையால் திரை அச்சு முறையில் அச்சிடும் புத்தகங்களில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக இழுத்து ஏற்றப்படுகிறது. ஒரு பக்கத்தில் நான்கு நிறம் என்றால் அந்தத் தாள் நான்கு தடவை கைக்குப் போய் வந்திருக்கிறது. விரலை வைத்தால் மையின் மேடு தெரியும். கோண்டு பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் கறுப்புத் தாளில் மரங்களை வரைந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' 2006இல் வந்தது. 2008இல், இத்தாலியில் சிறார் நூல்களுக்கு வழங்கும் போலோன்யா ரகாட்சி விருது பெற்றது. ஆங்கில வாசகம் குறைவு. படத்தைக் காட்டி நீங்களே தமிழில் சொல்லிவிடலாம். கையச்சுப் பிரதி ஆயிரம் ரூபாயைத் தாண்டும். ஈரக் கையோடு புரட்டும் வயதில் கொடுக்க வேண்டாம். ஏழெட்டு வயதில், மேசை மேல் வைத்து, கூட உட்கார்ந்து பார்க்க வேண்டியது. வரையும் ஆர்வமுள்ள பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக இதைவிட நல்லது எங்களுக்குத் தெரியவில்லை.

பணம் செலவழிக்காமல்

பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். திறந்த உரிமத்தில் இருப்பதால் இறக்கி அச்சிடுவதற்குத் தடையில்லை. நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள்: முதல் நிலை 250 சொற்கள் வரை, இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, அதற்கு மேல் நான்காவது. இந்தச் சொற்கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 'வந்துகொண்டிருந்தபோது' என்பது கணக்கில் ஒரே சொல். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கோ பதினொரு எழுத்து. ஆகவே நிலை எண்ணைப் பார்ப்பதோடு நிற்காமல், ஒரு பக்கத்தில் ஏழு எழுத்துக்கு மேல் நீளும் சொற்கள் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டுக்கு மேல் போனால் அது படித்துக் காட்டும் புத்தகம். தானே படிக்கும் புத்தகமாக அதைத் தர வேண்டாம். அங்கே மொழிபெயர்ப்பின் தரமும் கதைக்குக் கதை மாறும் என்பதால் வாய்விட்டுப் படிக்கும் சோதனை இங்கேயும் உண்டு.

ஜெராக்ஸ் கடையில் அச்சிடும்போது பெரும்பாலோர் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. அந்தக் கதைகள் பெரும்பாலும் அகலவாக்குப் பக்கங்கள். கடைக்காரர் வழக்கம்போல் 'புக்லெட்' என்று கொடுத்தால் படம் பாதியாகச் சுருங்கி மேலும் கீழும் வெள்ளையாக நிற்கும். ஒரு ஏ4 தாளில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பக்கம், ஒருபுறம் மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். நடுவில் வெட்டி, வரிசையாக அடுக்கி, இடது ஓரத்தில் மூன்று இடத்தில் பின் அடித்தால் கைக்கு அடக்கமான புத்தகம் ஆகிவிடும். தாள் 100 ஜிஎஸ்எம் கனத்தில் கேளுங்கள், சாதாரணத் தாளில் பின்பக்கம் தெரியும். இரவுக்காட்சி நிறைந்த கதைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள். மை அப்பி ஒன்றும் தெரியாது. எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்கள் இருக்கும் கடைசிப் பக்கத்தைக் காசு மிச்சம் என்று விட்டுவிட வேண்டாம். அந்தப் பெயர்களைச் சொல்ல வேண்டும் என்பதே அந்த உரிமத்தின் நிபந்தனை.

நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயா வரிசைத் தமிழ்ப் புத்தகங்களும் மலிவு. படங்கள் சிலவற்றில் பழைய பாணி. இருந்தாலும் வாசகம் அளவோடு இருக்கும்.

ஏழு முதல் ஒன்பது: பள்ளம் இங்கேதான்

படக்கதையிலிருந்து நாவலுக்குப் போகும் வழியில் தமிழில் பாலம் குறைவு. ஐம்பது அறுபது பக்கம், சின்ன அத்தியாயங்கள், பெரிய எழுத்து, பக்கம் விட்டுப் பக்கம் ஒரு கோட்டோவியம், சிரிக்க வைக்கும் கதை. இந்த வகை ஆங்கிலத்தில் அடுக்கடுக்காக இருக்கிறது, தமிழில் தேட வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் தமிழ் வாசிப்பைக் கைவிடுவதும் சரியாக இந்த வயதில்தான். அரசுப் பள்ளிகளுக்காகப் பள்ளிக் கல்வித் துறை கொண்டுவந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் இந்தப் பள்ளத்தை உணர்ந்து செய்யப்பட்டவை. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை. மெல்லிய புத்தகங்கள், ஒரு கதை ஒரு புத்தகம். வயதைப் போடாமல் படிநிலையைப் போட்டது மிக நல்ல முடிவு. ஒன்பது வயதுப் பிள்ளை 'நட' புத்தகத்தைக் கூச்சமில்லாமல் எடுக்கலாம். பிள்ளை தனியார் பள்ளியில் படித்தாலும், தெரிந்த அரசுப் பள்ளி ஆசிரியர் இருந்தால் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு வரும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களும் அப்படியே. 'தும்பி' சிறார் இதழின் பழைய பிரதிகள் எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள், படங்களுக்காகவே வாங்கலாம்.

ஒன்பதுக்கு மேல்: கதையும் நாவலும்

சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் வழங்குகிறது. விருது வாங்கியது என்பதற்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்றில்லை. ஆனாலும் தமிழில் தொடங்க நினைப்பவருக்கு அண்மை ஆண்டுகளின் பட்டியல் நல்ல வழிகாட்டி.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் விருது பெற்றது. தவறான தொடுதலைப் பற்றிக் குழந்தைகளிடம் நேரடியாகப் பேசும் கதை; பேசுவது ஒரு மரப்பாச்சி பொம்மை என்பதால் பயமுறுத்தாமல் பேசுகிறது. ஒன்பது வயதிலிருந்து தரலாம். தருவதற்கு முன் அம்மாவோ அப்பாவோ முழுதாகப் படித்திருக்க வேண்டும், கட்டாயம். படித்து முடித்த பிள்ளை ஏதாவது கேட்டால் 'அப்புறம் சொல்றேன்' என்று நழுவக்கூடிய புத்தகம் இல்லை இது. அன்றே உட்கார்ந்து பேச நேரம் இருக்கும் வாரமாகப் பார்த்துக் கையில் கொடுங்கள்.

உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இல் விருது பெற்றது. இன்றைய சிறுவன் ஒருவனைக் கீழடியின் பழங்காலத்துக்கே கூட்டிப்போகும் நாவல். பத்து வயதுக்கு மேல் தானே படிக்கலாம், எட்டு வயதுக்குப் படித்துக் காட்டலாம். வரலாற்றுக் கதை என்றாலே அரசன், போர், வாள் என்று பழகிய பிள்ளைக்கு, சாதாரண மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டுவது இதன் பலம். கீழடியில் அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. மதுரைப் பக்கம் போகும்போது பார்த்துவிடலாம். சென்னையில் இருந்துகொண்டே பழங்காலப் பொருள்களைப் பார்க்க வேண்டுமானால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை, போய் ஏமாறாதீர்கள்.

யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' (2024இல் விருது) சிறுகதைத் தொகுப்பு என்பதால் நாவலைக் கண்டு மலைக்கும் பிள்ளைக்கு ஏற்றது. விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025இல் விருது பெற்றது.

'டோட்டோ சான்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பானில் தெட்சுகோ குரோயாநாகி 1981இல் வெளியிட்ட நினைவுக் கதை. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் தருகிறது. பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த பள்ளி, பிள்ளை பேசப் பேச மணிக்கணக்கில் கேட்கும் தலைமை ஆசிரியர். ஒவ்வொரு அத்தியாயமும் இரண்டு மூன்று பக்கம்தான் என்பதால் இரவுக்கு ஒன்று வீதம் படித்துக் காட்ட அருமையாக அமையும். எட்டு வயதில் காதால் கேட்கலாம், பதினொன்றில் தானே படிக்கலாம். கடைசியில் போரில் பள்ளி எரிந்துவிடுகிறது. அந்த இரவு மட்டும் விளக்கணைக்கும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். இதைப் பெரியவர்கள் ஆசிரியர் பயிற்சிப் புத்தகமாக மட்டுமே பரிந்துரைத்துப் பரிந்துரைத்து, பிள்ளைகள் கைக்குப் போகாமலே இருக்கிறது. முதலில் அது ஒரு குறும்புக்காரச் சிறுமியின் கதை.

இதற்கு நேர்மாறான தவறு 'ஆயிஷா'வில் நடக்கிறது. இரா. நடராசனின் அந்தக் குறுங்கதை மெல்லிய புத்தகமாக, சின்ன விலையில் கிடைப்பதால் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்துவிடுகிறார்கள். பள்ளிச் சிறுமி பற்றிய கதைதான். ஆனால் அது பேசுவது ஆசிரியர்களிடம். முடிவு மிகவும் கனமானது. பதின்மூன்று வயதுக்கு முன் தனியாகப் படிக்கக் கொடுக்கவே கூடாது.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஆங்கிலம்தான் சரளம் என்று ஆகிவிட்ட பிள்ளைக்கு, சௌம்யா ராஜேந்திரனும் நிவேதிதா சுப்ரமணியமும் எழுதிய மயில் என்ற சிறுமியின் நாட்குறிப்புப் புத்தகங்களைக் கொடுங்கள். தூலிகா வெளியீடு, முதல் புத்தகம் 2015இல் ஆங்கிலத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. வீட்டுச் சண்டை, உடல் மாற்றம், பள்ளி வம்பு என எல்லாம் நம் ஊர் வாசனையோடு இருக்கும்.

பழைய புத்தகக் கடை

நடைபாதைக் கடைகளில் வாண்டுமாமா, பழைய அம்புலிமாமா, ரஷ்யாவில் அச்சான தமிழ்ச் சிறார் நூல்கள் இன்னும் எப்போதாவது தலைகாட்டும். வாங்குங்கள், ஆனால் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை நான்கும் முன்னால் தும்பிக்கை தூக்கிய பழைய வடிவில் இருக்கும். ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள் என மொத்தம் 13 எழுத்துகள் மாறுபடும். இப்போதுதான் தமிழ் படிக்கத் தொடங்கிய பிள்ளையிடம் இதைக் கொடுத்தால் குழம்பிவிடும். அவற்றைப் படித்துக் காட்டும் புத்தகமாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயதுக்கு மேல் என்றால் 13 எழுத்தையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே செருகிவிடுங்கள். ரகசிய மொழி மாதிரி விளையாட்டாகக் கற்றுக்கொள்ளும்.

எங்கே பார்ப்பது

வாங்குவதற்கு முன் பார்க்க கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010இல் திறந்தது; முதல் தளத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு. தரையில் உட்கார்ந்து படிக்கலாம், அனுமதிக்குக் காசு இல்லை. பிள்ளை எதைத் திரும்பத் திரும்ப எடுக்கிறது என்று பாருங்கள், அதையே வாங்குங்கள். வாங்குவதற்குத் தேனாம்பேட்டை பாரதி புத்தகாலயம் முதல் இடம். அவர்களுடைய புக்ஸ் ஃபார் சில்ரன் வெளியீடுகள் மொத்தமாக அங்கே இருக்கும். வானம் பதிப்பகம் முழுக்கச் சிறார் நூல்களில் கவனம் வைக்கிறது. கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸிலும் திருவான்மியூர் பனுவலிலும் பல பதிப்பகங்களின் சிறார் நூல்களை ஒரே இடத்தில் புரட்டலாம். ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதம் கழிவு உண்டு. பிள்ளையோடு போவதாக இருந்தால் பொங்கல் விடுமுறைக் கூட்டத்தைத் தவிர்த்து வேலை நாளில், கடைகள் திறந்த கையோடு போய்விடுங்கள். கூட்டத்தில் நின்று இரண்டு பக்கம் வாய்விட்டுப் படிக்க முடியாது.

பதிப்பகங்களிடம் மூன்று கோரிக்கைகள். மொழிபெயர்த்தவர் பெயரை உள்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளிக்காமல் அட்டையில் போடுங்கள். யாருடைய தமிழ் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் அவருடைய அடுத்த புத்தகத்தைத் தேடி வாங்குவோம். வயதுக்குப் பதிலாக 'படித்துக் காட்ட', 'தானே படிக்க' என்று இரண்டு குறிகள் போதும். ஏழு வயதுக்காரருக்கு, இந்த ஊரின் மின்சார ரயிலிலும் மாநகரப் பேருந்திலும் நடக்கும், சிரிப்புக் கதை வேண்டும். அறுபது பக்கத்தில், பெரிய எழுத்தில், தொடராக.